தலைமாட்டு ஸ்பீக்கர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ராணி என்றாலே கோபக்காரி என்று கோலா சிலாங்கூரில் என் கடைக்கு வந்துபோகிற எல்லாருக்கும் தெரியும். கார்களுக்கு ஸ்பீக்கர் போடுவதும் இருக்கைக்கு உறை தைப்பதும் என் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் நடத்துவார்கள். "அப்ப நீங்களே போட்டுக்குங்க லா" என்று ஸ்பேனரை நீட்டுவேன். ஒருத்தரும் வாங்கியதில்லை.

கணேஸ்வரன் அண்ணன் அப்படி வரவில்லை. ரவாங்கில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாத மனுசன். அவர் ஓட்டிவந்த காரைப் பார்த்துத்தான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். சிவப்பு நிறத்தில் பழைய மாஸ்டா, இரண்டே இருக்கை, கூரையைப் பின்னால் மடக்கிவிட்டால் தலைக்கு மேல் வெறும் வானம். முன்விளக்குகள் தூங்கி எழுகிற கண் மாதிரி மேலே திறந்தன. அடேயப்பா, எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

"தங்கச்சி, இதுல ஸ்பீக்கர் மாத்தணும்மா. நல்லா சத்தமா கேக்கணும்."

"எவ்வளவு சத்தம்ணே?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஏன்ணே, பொடிப்பசங்கதான் தாமான்ல இருக்குற வீடு பூரா அதிர விட்டுக்கிட்டுச் சுத்துறானுங்க. உங்களுக்குமா? பக்கத்து வீட்டுல நோயாளி இருப்பாங்க, கைப்புள்ள இருக்கும், அதெல்லாம் நெனைக்க மாட்டீங்களா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காரின் டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் மனைவி குமுதாவுக்கு மூடிய காரில் ஏறினால் தலை சுற்றும். அதற்காகவே இந்தக் கூரையில்லாத காரை வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் சபாக்கில் இருக்கும் அண்ணனுடைய தங்கை அமராவதி வீட்டுக்குப் போவார்கள். வழியெல்லாம் பழைய பாட்டு ஓடும். குமுதா கூடவே பாடுவார். அண்ணன் வாயைத் திறக்காமல் ஓட்டுவார். அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் பெரிய பகுதி அந்தச் சாலையில்தான் நடந்திருக்கிறது போல.

நாலு வருசமாகக் குமுதாவுக்குக் காது மங்கிக்கொண்டே வந்து, இப்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் அரைகுறைதான். கடையில் வாங்கிய காதுக்கருவியை மாட்டினால் சீழ் பிடித்தது. கழற்றி எறிந்தவர், டாக்டரிடம் வரவே மாட்டேன் என்று பிடிவாதம். போன ஞாயிறு காரில் ஏறச் சொன்னபோது, "நான் என்ன மூட்டையா, ஏத்தி எறக்குறதுக்கு? நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றிருக்கிறார்.

"கெஞ்சிக் கேட்டேம்மா" என்றார் அண்ணன். "நல்ல ஸ்பீக்கர் போடறேன், பாட்டு கேக்கும்னேன். சரி, இன்னும் ஒரே ஒரு ஞாயிறு வரேன், அப்பவும் கேக்கலைன்னா இனிமே என்னை எங்கயும் கூப்பிடாதீங்கன்னுட்டா. சொன்னா சொன்னதுதான் அவ. கோயிலுக்குப் போறத விட்டுட்டா, கல்யாணம் காச்சிய விட்டுட்டா. இதுவும் போச்சுன்னா வீட்டுக்குள்ளயே உக்காந்துருவா."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மனசு ஒரு மாதிரியாகிவிட்டது. "காடிய விட்டுட்டுப் போங்கண்ணே. சனிக்கிழமை அக்காவக் கூட்டிக்கிட்டு வாங்க, நான் கேக்க வைக்கிறேன்" என்று வாய் கொடுத்துவிட்டேன்.

வாய் கொடுத்த பிறகுதான் வேலையின் கஷ்டம் தெரிந்தது. சின்ன கார், ஒல்லிக் கதவு. பெரிய ஸ்பீக்கரை உள்ளே வைத்தால், கண்ணாடியை இறக்கும்போது ஸ்பீக்கரின் காந்தத்தில் போய் முட்டியது. மரப்பலகையில் வளையம் அறுத்து, ஸ்பீக்கரை இருக்கைப் பக்கமாகத் தள்ளி உட்கார வைத்தேன். இருக்கைக்குப் பின்னால் ஆம்பிளிஃபையர். பழைய ரேடியோவைக் கழற்றிவிட்டு, போனோடு பேசுகிற புது செட்.

இருக்கை உறையைப் பிரித்தபோதுதான் ஆச்சரியம். தலை சாய்க்கிற இடத்துக்குள்ளேயே, இந்தக் காதுக்கு ஒன்று அந்தக் காதுக்கு ஒன்று என்று குட்டி ஸ்பீக்கர்கள் இருந்தன. கூரை திறந்திருந்தால் காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போய்விடும், அதனால் காதுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறான் ஜப்பான்காரன். அந்த மூளைக்கு ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் உள்ளே அதிர்கிற காகிதக் கூம்பெல்லாம் மக்கி, தொட்டால் தூளாகக் கொட்டியது. பஞ்சும் அப்படித்தான்.

அந்த ஆழத்துக்குப் பொருந்துகிற புது ஸ்பீக்கர் என்னிடம் இல்லை. கூம்பே இல்லாத வட்டு ஒன்று உண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும். அதை எதில் பூட்டுகிறோமோ அந்தப் பொருளே அதிர்ந்து பாடும். இரண்டு இருக்கைகளிலும் இரும்புச் சட்டத்தோடு ஒரு தகட்டைப் பூட்டி, அதில் அந்த வட்டுகளை முறுக்கிவிட்டேன். தடிமனான பஞ்சு வைக்க இடமில்லாமல், மெல்லிய துணி ஒரு சுற்று வைத்து மேலே உறையைத் தைத்தேன். அதை ஒரு பொருட்டாகவே நான் நினைக்கவில்லை. என் நம்பிக்கை முழுக்கக் கதவுகளில்தான் இருந்தது.

எங்கள் அப்பா தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டியவர். குழாயைக் கட்டிவிட்டு, பாட்டைப் போட்டுவிட்டு, லயத்து வீட்டு வரிசையின் கடைசி வீடு வரைக்கும் நடந்துபோய் நின்று கேட்பார். அங்கே கேட்டால் வேலை சரி. குழாய்க்குக் கீழே உட்கார்ந்திருப்பவன் காதைப் பொத்திக்கொண்டால் அது அவன் பாடு. நானும் அதே பழக்கத்தில் பாட்டைப் போட்டுவிட்டுக் கடைவரிசையின் கோடி வரைக்கும் நடந்தேன். சலவைக் கடை வாசலில் நின்றால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. நாசி லெமாக் சோறு விற்கிற மாச்சிக், அந்த மலாய்க்கார அம்மா, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இரும்புக் கடைச் சீன முதலாளி, தவுக்கே, வெளியே வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்தினார். எனக்கு ஒரே பெருமை. காருக்குள் உட்கார்ந்து ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

சனிக்கிழமை காலையில் அண்ணன் மனைவியோடு வந்தார். குமுதாக்கா ஒல்லியாக, நெட்டையாக, நிறைய முடியைச் சுருட்டிப் பெரிய கொண்டையாக ஊசி குத்தி வைத்திருந்தார்.

"வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஏதோ பதில் சொன்னார். எனக்குத்தான் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவான குரல். குனிந்து மறுபடி கேட்க வேண்டியிருந்தது. காது கேட்காதவர்கள் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசித்தான் நான் பார்த்திருக்கிறேன். இவரோ ரகசியம் சொல்கிற மாதிரி பேசுகிறார். பெரிய மகாராணி, நாம்தான் குனிந்து கேட்க வேண்டுமாக்கும் என்று உள்ளுக்குள் எரிச்சல் பட்டேன்.

அவரை உட்கார வைத்து அண்ணன் பாட்டைப் போட்டார். வாசலில் கிடந்த தகரம் அதிர்ந்தது. நான் குமுதாக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தபடி கதவின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"அதிருது" என்றார்.

"பாட்டு? பாட்டு கேக்குதா குமுதா?" அண்ணன் அவர் காதுக்குள் கத்தினார்.

"டும் டும்னு என்னமோ வருது. பாட்டு வரல."

அண்ணன் சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றினார். தவுக்கே சீனத்தில் திட்ட ஆரம்பித்துவிட்டார். குமுதாக்கா அண்ணனின் கையை மெல்லப் பிடித்து விலக்கி, "போதுங்க, விடுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு, நடுத்தெருவில் அப்படியே நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி போட்டுவிட்டு, கேட்க வேண்டியவருக்குக் கேட்காமல் செய்துவிட்டேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

குமுதாக்கா கதவைத் திறந்தார். நான் பாய்ந்துபோய்ச் சாத்தினேன். "எறங்காதீங்கக்கா!" அண்ணனிடம் திரும்பி, "நீங்க இங்கயே இருங்கண்ணே. நிக்கிற காடி வேற, ஓடுற காடி வேற. ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டு வரேன்" என்று ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

சுத்தப் பொய். கூரையில்லாத கார் ஓடும்போது இன்னும் மோசமாகத்தான் கேட்கும். ஆனால் தோற்றுவிட்டுச் சும்மா நிற்க எனக்கு வராது.

ஊரைத் தாண்டி, தஞ்சோங் காராங் பக்கம் போகிற சாலையைப் பிடித்தேன். ஒரு பக்கம் செம்பனை, கொஞ்ச தூரம் போனால் வயல். பாட்டை மறுபடி போட்டிருந்தேன். எனக்கே காற்றுதான் கேட்டது. குமுதாக்கா முதுகை நேராக வைத்து, இருக்கையில் தலை படாமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய கொண்டையை வைத்துக்கொண்டு எப்படிச் சாய முடியும்? காற்று கொண்டையைப் பிய்த்தது. ஒரு கையால் பிடித்தார், இரண்டு கையாலும் பிடித்தார். ஓர் ஊசி கழன்று பின்னால் பறந்தது. "சனியன்" என்று முணுமுணுத்துவிட்டு, மிச்ச ஊசிகளையும் உருவி மடியில் போட்டார். முடி அவிழ்ந்து விழுந்தது. இனி எப்படியோ போகட்டும் என்கிற மாதிரி தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினார்.

உடனே திறந்தார்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். திரும்பி இருக்கைக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். மறுபடி மெல்லத் தலையைச் சாய்த்தார். ஸ்டியரிங்கில் இருந்த என் கையை அவர் கை வந்து இறுக்கிப் பிடித்தது.

"யாரோ பாடுறாங்க, ராணி."

பாவம், ஆசையில் என்னவோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்போது குமுதாக்கா பாட ஆரம்பித்தார். மெதுவான குரல்தான். ஆனால் ஸ்பீக்கரில் எந்த வார்த்தை ஓடியதோ அதே வார்த்தை. பாடகி இழுத்த இடத்தில் இவரும் இழுத்தார், அங்கே நிறுத்தியதும் இங்கேயும் நின்றது. இடையில் வாத்தியம் வந்தபோது காத்திருந்து, அடுத்த வரியைச் சரியான இடத்தில் எடுத்தார். என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. காரை வாய்க்கால் ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டேன்.

"அக்கா, கேக்குதா? நெஜமா கேக்குதா?"

அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. தலையை எடுத்துப் பார்த்தார், "போச்சு" என்றார். சாய்த்தார், "வந்துருச்சு" என்றார். எடுத்தார், சாய்த்தார். சின்னப் பிள்ளை விளக்கு சுவிட்சை வைத்து விளையாடுகிற மாதிரி திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருந்தார். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கதவு ஸ்பீக்கர்களைச் சுத்தமாக அணைத்தேன். தலைமாட்டு வட்டுகள் மட்டும். வெளியே எனக்கு ஒரு கீச்சுச் சத்தம்தான் கேட்டது.

"வயலின் வருது" என்றார் குமுதாக்கா. "இந்தா, இப்ப புல்லாங்குழல்."

என் இருக்கையில் நானும் தலையை அழுத்திச் சாய்த்து, இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டேன். ஐயோ, என்னவென்று சொல்வேன்! காதை அடைத்த பிறகு பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்டது. வெளியிலிருந்து வரவில்லை. என் மண்டைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து பாடினார்கள். பிறந்ததிலிருந்து சத்தத்தோடு வாழ்கிறவள் நான், அதை விற்றுச் சாப்பிடுகிறவள். சத்தம் காது வழியாகத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாகவே இருந்தது. கோயிலில் சாமி வரும்போது கைகூப்பத் தோன்றுமே, அப்படித் தோன்றியது.

பிறகு கிள்ளானில் ஒரு காது டாக்டர் விளக்கிச் சொன்னார். குமுதாக்காவுக்குக் காது நரம்பில் ஒரு குறையும் இல்லை. சத்தம் அங்கே போகிற வழிதான், சின்ன வயதிலிருந்து சீழ் பிடித்துப் பிடித்து அடைபட்டுப் போயிருக்கிறது. மண்டை எலும்பு வேறு வழியாகச் சத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அந்த மெதுவான குரலுக்கும் அதுதான் காரணமாம். இப்படிப்பட்டவர்களுக்குத் தங்கள் குரல் மட்டும் எலும்பு வழியாக உள்ளே பலமாகக் கேட்கும், அதனால் தணித்துத்தான் பேசுவார்கள். மகாராணி என்று நினைத்தேனே, எனக்கு வேண்டியதுதான். வைத்தியத்துக்கும் வழி இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் அன்றைக்கு வாய்க்கால் ஓரத்தில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். மோட்டார் சைக்கிளில் போன ஒரு மலாய்க்காரர் நிறுத்தி, கார் கெட்டுப்போய்விட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கடைக்குத் திரும்பினோம். தலைவிரி கோலமாக வந்து இறங்கிய மனைவியைப் பார்த்து அண்ணன் பதறிவிட்டார். "என்னாச்சு? எங்க விழுந்த?"

நான் விசயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "எனக்காகச் சொல்லாதம்மா" என்றார்.

"நான் எதுக்குண்ணே பொய் சொல்றேன்? உங்க கண்ணாலயே பாருங்க!" என்று கத்திவிட்டு, குமுதாக்காவை மறுபடி இருக்கையில் உட்கார வைத்தேன். பாட்டைப் போடக் கையை நீட்டினேன். அவர் தடுத்தார்.

"பாட்டு வேணாம் ராணி. அவரு பேசினா கேக்குமா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, என் போனை கார் செட்டோடு சேர்த்தேன். அண்ணனைக் கடைக்குள் போய், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் அடிக்கச் சொன்னேன். என் போனைக் குமுதாக்காவின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

"ஹலோ!" பழக்கதோசத்தில் அண்ணன் கத்தினார். கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. சுவரைப் பார்த்து நின்றிருந்தார். பேசுங்கள் பேசுங்கள் என்று நான் வெளியிலிருந்து கையை ஆட்டுகிறேன், அவர் திரும்பினால்தானே. ஏதோ மேடையில் ஏற்றிவிட்ட மாதிரி விறைத்துப்போய் நின்றார்.

"குமுதா" என்றார் கடைசியில். "நாளைக்கு சபாக் போலாமா? அமராவதி மீனு வாங்கி வைக்கிறேன்னு சொன்னா. நீ வந்தாத்தான் கொழம்பு வைப்பாளாம். நான் மட்டும் போனா முட்ட பொரிச்சுப் போட்டுருவா."

குமுதாக்கா கண்ணை மூடி, தலையைத் தகட்டோடு அழுத்தி வைத்திருந்தார். பதில் சொல்லவில்லை. அடக்கடவுளே, பேச்சு கேட்கவில்லையோ, பாட்டு மட்டும்தானோ என்று அவர் தோளைத் தொட்டேன்.

"இது அவரு கொரலா, ராணி?" என்றார் கண்ணைத் திறக்காமல். "இப்படி இருக்காதே. வயசாயிருச்சு. ஒடஞ்சு போச்சு."

போன் அதை அப்படியே உள்ளே கொண்டுபோய்விட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் திரும்பினார்.

"ஆமா, ஒடையாம என்ன செய்யும்?" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நாலு வருசமா உன்கிட்டக் கத்திக் கத்தித்தான்..."

குமுதாக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலையை மட்டும் எடுக்கவில்லை.

"இனிமே கத்தாதீங்க" என்றார் அந்த மெதுவான குரலில். "மெதுவாப் பேசுங்க. கேக்குது."